நிற்பதற்கென்று ஒரு கப்பல்

கொல்லாமை நம் அறத்தின் வேர். ஆயினும், ‘நாம் எவரையும் கொல்லவில்லை, சாகக் கிடந்தவரைக் கடந்து சென்றோம், அவ்வளவே’ என்று ஒருவர் ஆறுதல் கொள்ளலாமா? இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலில் சென்ற மாலுமிகள் இவ்வினாவை நேரில் சந்தித்தனர்.

பிரிட்டனுக்கு உணவும் எண்ணெயும் கொண்டுசென்ற வணிகக் கப்பல்கள், ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்கு அஞ்சி, முப்பதும் நாற்பதுமாகத் திரண்டு, போர்க்கப்பல்களின் காவலில் வரிசை வரிசையாகச் சென்றன. ஒன்று தாக்குண்டு மூழ்கினாலும் மற்றவை நிற்கலாகாது என்பது பொதுவிதி. நின்ற கப்பல் அடுத்த இலக்காகும். வரிசை குலைந்தால் அனைவர்க்கும் கேடு. ஆகவே, குளிர்நீரில் தத்தளித்துக் கூவியவரைக் கண்டும் மாலுமிகள் கடந்துசெல்ல நேர்ந்தது.

இது இம்சையா? தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர் பிரிவதை மட்டும் கூறாமல், அதற்கு ஏதுவாகிய பிரமாதத்தையும், அதாவது கஷாயத்தால் மூடுண்ட நெஞ்சின் விழிப்பின்மையையும், சேர்த்தே கூறுகிறது. கடந்துசென்ற மாலுமி கொல்ல நினைத்தவன் அல்லன். பலரைக் காக்கும் கடமையால் கட்டுண்டவன். குறிவைத்துக் குண்டு ஏவியவனோடு அவனை ஒன்றாக எண்ணுதல் தகாது. ஆனால், ‘விதி அதுதானே’ என்று நெஞ்சின் பதைப்பும் அடங்கிவிடுமாயின், அங்கே பிரமாதம் புகுந்துவிடுகிறது.

அப்பதைப்பு அடங்கவில்லை என்பதற்குச் சான்று உண்டு. 1941 ஜனவரி முதல், மீட்புப் பணிக்கென்றே சிறிய பயணிகள் கப்பல்கள் பல கூட்டங்களின் பின்வரிசையில் அனுப்பப்பட்டன. மருத்துவரும், நீரில் கிடப்போர் பற்றி ஏறுவதற்கு வலைகளும் அவற்றில் இருந்தனர், இருந்தன. பிறர் நிற்கலாகாத இடத்தில் நிற்பதே அவற்றின் தொழில். நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவற்றால் பிழைத்தனர். ஸ்டாக்போர்ட் என்னும் மீட்புக் கப்பலோ, 1943 பிப்ரவரியில், தான் மீட்டவர்களோடு சேர்ந்தே மூழ்கியது, ஒருவரும் தப்பவில்லை.

போர் தீவினையே, அதில் நமக்கு ஐயமில்லை. அத்தீவினையின் நடுவிலும் ஆகாரம், ஔஷதம், அபயம் ஆகிய மூன்று தானங்களும் ஒரு சிறு கப்பலில் நிகழ்ந்தன என்பதை நாம் மறுக்க இயலாது.

பிழைப்பின் வேகத்தில் நாம் அனைவரும் எப்போதும் நின்றுவிட முடியாது. அது இல்லறத்தின் இயல்பு. ஆயினும், நம் குடும்பத்தில், நம் ஊரில், நிற்பதற்கென்று ஒருவரையேனும் நாம் ஏற்படுத்தியிருக்கிறோமா? ஏற்படுத்தாமல் கடந்துசெல்வோமாயின், கடமை என்னும் சொல் நம்மைக் காவாது.