வாடகைக்கு மட்டும்

கெலவரப்பள்ளி அணைக்கு அருகில் எனக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. என்றாவது ஒருநாள் நகரத்து வாடகை வீட்டிலிருந்து தப்பித்துப் போய் அங்கே உட்கார்ந்து எழுதலாம் என்ற ஆசையில் வாங்கிப் போட்டது. நிலத்தில் நின்றால் அணை நீர் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்த நீரை நம்பி ஒரு டம்ளர் காப்பி போட முடியாது. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவையெல்லாம் சுமந்து கொண்டுதான் எல்லை தாண்டி வருகிறது. மதகு திறக்கும் நாட்களில் பாலத்துக்கு மேலே நுரை எழும்புவதைப் பார்த்திருக்கிறேன். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது பஞ்சு மூட்டை போல அழகாகக் கூட இருக்கும். கிட்டே போனால் மூக்கைப் பொத்திக் கொள்ள வேண்டும்.

ஆகவே, கண்ணெதிரே அவ்வளவு தண்ணீர் கிடக்க, நான் பூமிக்கு அடியில் தண்ணீர் தேட வேண்டியதாயிற்று. போன கோடையில் திருச்செங்கோட்டிலிருந்து போர் வண்டி வந்தது. இரவெல்லாம் கம்ப்ரஸர் அலறியது. கல் பொடி பறந்து என் தலைமயிருக்கு மேலும் பத்து வயது கூட்டியது. 940 அடியில் தண்ணீர் பீறிட்டது. விடிந்ததும் பையன்கள் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கடைசியாக வந்த இரும்புப் பிட்டைத் துடைத்து, குழந்தையைக் கிடத்துவது போலப் பெட்டியில் வைத்தார்கள்.

"தம்பி, அதைக் கொஞ்சம் கொடு, பார்க்கலாம்" என்றேன்.

"பாத்துட்டுக் குடுத்துருங்க சார். அடிக்குத்தான் காசு. பிட்டு எங்களுது" என்றான்.

அந்தப் பையன் அறியாமலே சொன்ன வார்த்தை அமெரிக்காவில் ஒரு பெருஞ் செல்வத்துக்கே அடித்தளமாக இருந்த வார்த்தை. டெக்ஸாஸில் ஹவார்டு ஹ்யூஸ் என்பவர் எண்ணெய்க் கிணறு தோண்ட ஒரு புது மாதிரிப் பிட்டு செய்து 1909ல் காப்புரிமை பெற்றார். இரண்டு கூம்புகள், அவற்றில் 166 பற்கள். உருண்டு உருண்டு பாறையை அரைக்கும். நம் ஊர்ப் பாறையைக் குத்தி உடைக்கும் பிட்டு வேறு ஜாதி, அது கிடக்கட்டும். ஹ்யூஸின் சாமர்த்தியம் கருவியில் பாதி, கணக்கில் பாதி. பிட்டை அவர் யாருக்கும் விற்கவில்லை. வாடகைக்கு மட்டுமே விட்டார். எவன் நிலத்தில் எண்ணெய் வந்தாலும் வராவிட்டாலும் இவருக்கு வாடகை வந்தது.

1924ல் அவர் திடீரென்று இறந்தபோது, அதே பெயர் கொண்ட மகனுக்குப் பதினெட்டு வயது. தாய் அதற்கு முன்பே போய்விட்டாள். பையன் உறவினரின் பங்கையும் விலைக்கு வாங்கி முழு முதலாளியானான். எண்ணெய்ப் பணத்தோடு ஹாலிவுட்டுக்குப் போய்ப் படாதிபதியும் ஆனான். 1930ல் வெளிவந்த 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற விமானப் படத்துக்கு மேகம் சரியாக அமையவில்லை என்று நாள் கணக்கில் காத்திருந்தானாம். எடுத்து முடிப்பதற்குள் பேசும் படம் வந்துவிட்டது, மறுபடியும் எடுத்தான். படப்பிடிப்பில் விமானிகள் மூவர் உயிர் போயிற்று. 1938ல் தானே விமானம் ஓட்டி நான்கு நாட்களுக்குள் உலகைச் சுற்றி வந்தான். கோழை என்றோ சோம்பேறி என்றோ யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இந்த மனிதரிடம் (இனி மரியாதை கொடுத்துவிடுகிறேன், வயதாகிவிட்டது) ஒரு வினோதம் இருந்தது. 320 அடி இறக்கை கொண்ட மர விமானம் ஒன்றைக் கட்டினார். 1947 நவம்பர் 2ஆம் தேதி ஒரே ஒரு தடவை, சுமார் ஒரு மைல் தூரம் பறந்தது. அதன் பிறகு 1976ல் அவர் சாகும்வரை கொட்டகைக்குள்ளேயே பாதுகாக்கப்பட்டது. ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவை 1955ல் இரண்டரைக் கோடி டாலருக்கு விற்றார். பிறகு அங்கே தாம் எடுத்த இரண்டு படங்களை மட்டும் 1.2 கோடி டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கி, ஊரார் கண்ணில் படாமல் வைத்துக் கொண்டார்.

பணத்தாசை என்று இதைத் தள்ளிவிட முடியாது. விமானக் கம்பெனிப் பங்குகளை விற்றிருக்கிறார். அப்பாவின் பிட்டுத் தொழிலைக்கூட 1972ல் விற்றார். தாம் ஆக்கியதை இன்னொருவர் கை தொடுவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. எனக்கு இது புரிகிறது. என் மேஜை அறையில் எட்டு வருஷமாக ஒரு நாவல் கிடக்கிறது. இன்னும் திருத்த வேண்டும் என்று மனைவியிடம் சொல்லி வருகிறேன்.

கடைசிக் காலத்தில் ஓட்டல் அறைகளில் திரை போட்ட இருட்டில், கிருமிக்கு அஞ்சி, யாரையும் பாராமல் வாழ்ந்தார். ஆறடிக்கு மேல் உயரமான அந்த உடம்பு சாகும்போது நாற்பது கிலோவை ஒட்டித்தான் இருந்தது. கைரேகை பார்த்துத்தான் இன்னார் என்று உறுதி செய்தார்கள்.

இனிமேல்தான் என்னை உறங்கவிடாத விஷயம். 1953ல் அவர் தம் பெயரில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி ஸ்தாபனம் தொடங்கி, தம் விமானக் கம்பெனியின் பங்குகளை அதற்கு எழுதி வைத்தார். தர்மமா? வரியிலிருந்து தப்பும் வழி என்றுதான் பலரும் சொன்னார்கள். ஒரே தர்மகர்த்தா அவர்தான். அவர் இருந்தவரை ஆராய்ச்சிக்குப் போனது அற்பம். அவர் இறந்த பின், 1984ல் நீதிமன்றம் புதிய தர்மகர்த்தாக்களை நியமித்தது. மறு வருஷம் கம்பெனியை ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சுமார் 500 கோடி டாலருக்கு விற்றார்கள். இன்று உலகத்தின் பெரிய மருத்துவ ஆராய்ச்சி நிதிகளில் ஒன்று அது. அதன் விஞ்ஞானிகளில் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோபல் பரிசு பெற்றிருக்கிறார்கள்.

அவர் கொடுத்தாரா, கொடுக்கவில்லையா? மனம் இசையாமல் கை கொடுத்தது புண்ணியக் கணக்கில் சேராது என்பாள் என் பாட்டி. பிழைக்கும் நோயாளிக்கு அந்தக் கணக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. மருந்து மருந்துதான். இரண்டும் சரி என்றே படுகிறது. பெற்றவனுக்குக் குறை ஒன்றுமில்லை. கொடுத்தவர்தான், கொடுத்தும் கொடுக்காதவராய், கையை மூடியபடியே போய்விட்டார். எழுதி வைத்த அன்றே சாவியையும் கொடுத்திருந்தால், இருபத்து மூன்று வருஷம் அவர் கண்ணாலேயே பார்த்திருக்கலாமே!

என் போர் ஓடத் தொடங்கிய மூன்றாம் மாதம், அடுத்த கொல்லைக் கிழவியின் திறந்த கிணறு வற்றிப் போயிற்று. என் போரால்தானா என்று எனக்குத் தெரியாது. அவளும் குற்றம் சொல்லவில்லை. குடத்தோடு வேலி ஓரம் வந்து, தெலுங்கு கலந்த தமிழில், "சாமி, ஒரு ரெண்டு குடம்" என்பாள். மோட்டார் அறைக்கு நான் பூட்டுப் போட்டிருந்தேன். நான் ஊரில் இல்லாத நாட்களில் அவள் வெறுங் குடத்தோடு திரும்பியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

போன வாரம் வேலிக்கு வெளியே ஒரு குழாய் வைத்துக் கொடுத்தேன். கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள், கூச்சமாக இருந்தது. மோட்டார் சுவிட்சு மட்டும் இன்னும் பூட்டிய அறைக்குள்தான் இருக்கிறது.