பிரித்தலும் பொருத்தலும்

ஒரு பொருளைப் பிரிப்பதற்கு ஆவல் ஒன்றே போதும். பிரித்ததை மீண்டும் பொருத்துவதற்கோ அறிவும் வரிசையும் பொறுமையும் வேண்டும். கடிகாரமாயினும் கதவுப் பூட்டாயினும் இவ்வுண்மை மாறுவதில்லை. ஆயின், பிரிக்கப்படும் பொருள் உயிரைப் போக்கும் கருவியாக இருக்குமானால், கைத்திறன் பற்றிய வினாவோடு அறம் பற்றிய வினாவும் உடன் எழுந்துவிடுகிறது. அதனைச் சிறிது சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வாசகருள் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொட்டும் அறியார். அமெரிக்க ஐக்கிய நாட்டின் நிலைமை வேறு. 1791-இல் அந்நாட்டு அரசமைப்பில் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காப்பதால், அங்குப் பல இல்லங்களில் துப்பாக்கியும் வீட்டுப் பொருள்களுள் ஒன்று. சுடுந்தோறும் அதனுள் கரியும் கசடும் படியும். எனவே அதனைக் கழற்றித் துடைத்து, எண்ணெயிட்டு, மீண்டும் பூட்டுவது உடையவரின் பொறுப்பு. மேசைமீது பழந்துணியை விரித்து இவ்வேலைக்கு அமர்ந்தவர் படும் பாடு கொஞ்சமன்று.

ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911-இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கியில், குழலின் கீழே சுருள்வில் ஒன்று அழுந்திக் கிடக்கும். கழற்றும்போது அதன் மூடியை விரலால் அடக்கிப் பிடிக்கத் தவறினால், அது பாய்ந்து அறையின் மறுகோடியில் போய் விழும். 1949-இல் வெளிவந்த ரூகர் கைத்துப்பாக்கியோ பொருத்தும் வேளையில்தான் தன் பிடிவாதத்தைக் காட்டும். பிடியின் பின்புறத்தில் வில்லுள்ள பாகத்தைச் செருகும்போது, உள்ளே தொங்கும் சிறு தண்டு அவ்வில்லின் தலையில் சரியாக வந்து அமர வேண்டும். அவ்விடம் விரலுக்கு எட்டாது. துப்பாக்கியை வேண்டிய பக்கம் சாய்த்து, தண்டு தானே இடத்தில் விழும்படி செய்ய வேண்டும். சற்றே தவறினாலும் பாகங்கள் பாதி வழியில் இறுகிக்கொண்டு, மூடவும் மாட்டா, திறக்கவும் மாட்டா.

அப்போது மனிதனுக்குச் சினம் மூளுகிறது. செய்தவனை ஏசுகிறான், விளக்கத் தாளை எறிகிறான், குறுக்கே வந்த குழந்தையையும் கடிந்துகொள்கிறான். ஆனால் இரும்பு அவனுக்குத் தீங்கு எதுவும் நினைக்கவில்லை. மனிதரோடு வழக்காடி வெல்லலாம். சுருள்வில்லோடு வழக்காட இயலாது. அது கேட்பது தர்தீப் எனும் வரிசைமுறை ஒன்றையே. உறுப்புகள் யாவும் நனைந்திருப்பினும் வரிசை பிறழ்ந்தால் ஒளு நிறைவேறாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. ஹனஃபி மத்ஹபில் வரிசை சுன்னத்தே ஆகும். இரும்பு இவ்விஷயத்தில் ஷாஃபிஈ மத்ஹபையே பின்பற்றுகிறது எனலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. எல்லாம் பூட்டியாயிற்று என்று நிமிரும்போது மேசைமீது சிறு முளையொன்று எஞ்சிக் கிடக்கும். துப்பாக்கி வெளிக்கு முழுமையாகவே தோன்றும். அம்முளையைப் பையில் போட்டுக்கொண்டு எழுவதா, மீண்டும் முதலிலிருந்து பிரிப்பதா? காண்பார் ஒருவரும் இல்லாத இந்த இடத்தில்தான் ஒருவனுடைய நாணயம் வெளிப்படுகிறது. நாளை அதே கருவியைக் கையில் எடுக்கப்போகிறவரின் உயிர், இன்று அதனைப் பூட்டுபவரிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

இத்தகைய இடர்களை நீக்கக் கைவினைஞர் முயன்றது இயல்பே. 67 ஆண்டுகளுக்குப் பின், 2016-இல், ரூகர் நிறுவனம் ஒரு பொத்தானை அழுத்தினாலே திறந்துகொள்ளும் புதிய வடிவை வெளியிட்டது. இதனைக் குறைகூற நமக்கு நியாயமில்லை. சிரமம் எளிமையைக் கொணரும் என்பது நம் ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்றன்றோ? ஆயினும், கைக்கு எளிதாவது மனத்துக்கும் எளிதாகிவிடுமா என்பதே நம் வினா.

ஆஸ்திரியாவில் தோன்றிய கிளாக் கைத்துப்பாக்கி கழற்றுவதற்கு மிக எளிது. ஆனால் கழற்றுமுன் அதன் விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும். குழலின் அறையில் தோட்டா ஒன்று மறந்து கிடக்குமானால், துடைக்க எடுத்த கையே சுட்ட கையாகிவிடும். ஆகவே, தோட்டாக் கூட்டை நீக்கியபின், அறையையும் திறந்து கண்ணால் காண்பதே முதற்கடமை என்று ஆயுதம் பயின்றோர் வற்புறுத்துவர். உறையின்றி வாளைக் கைமாற்றுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பள்ளிவாசலிலும் கடைவீதியிலும் அம்புடன் செல்வோர் அதன் முனையைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றும் பணித்தார்கள். வாளும் அம்பும் இன்று வழக்கில் இல்லை. அந்த ஒழுக்கத்தின் தேவை மட்டும் அப்படியே இருக்கிறது.

1949-ஆம் ஆண்டிலேயே சோவியத் படை ஏற்றுக்கொண்ட மற்றொரு துப்பாக்கி, மிகயீல் கலாஷ்னிக்கோவ் வடிவமைத்தது. அதன் பாகங்கள் சில, இடைவெளிகள் தாராளம், தவறாகப் பொருத்துவதே கடினம். சோவியத் பள்ளிகளில் மாணவர்கள் கடிகாரம் பார்த்து, வினாடிக் கணக்கில் அதனைப் பிரித்துப் பொருத்தப் பயின்றனர். கைகளுக்குத் தொல்லையே தராத அக்கருவி, தன்னைப் படைத்தவரின் நெஞ்சுக்குத் தந்த தொல்லை பெரிது. தம் துப்பாக்கி மக்களின் உயிரைப் பறித்திருக்குமானால், அம்மரணங்களுக்குத் தாமும் குற்றவாளியா என்று தம் இறுதிக் காலத்தில் அவர் ரஷ்யத் திருச்சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். 2013 டிசம்பரில் அவர் மறைந்தார். கடிதம் 2014-இல் உலகுக்குத் தெரியவந்தது. தாயகத்தைக் காக்கும் ஆயுதத்தைச் செய்தவரைத் திருச்சபை ஆதரிக்கிறது என்று அவருக்குப் பதில் கூறப்பட்டிருந்தது.

இக்கேள்வி நமக்கும் புதிதன்று. ஓர் அம்பின் பொருட்டு மூவர் சுவனம் புகுவர் என்றும், அதனைச் செய்தவரும் அவருள் ஒருவர் என்றும் நபிமொழி உண்டு. ஆனால் செய்பவர் நன்மையை நாடிச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை அதிலேயே இருக்கிறது. நன்மையில் செய்தவருக்குப் பங்கு உண்டெனில், பொறுப்பிலும் பங்கு உண்டென்பது தானே பெறப்படும். நிய்யத்து தூயதாயின் அவர் குற்றத்தினின்று நீங்கலாம். கவலையினின்று நீங்க முடியாது. அக்கவலையை நோயென்று கருதுவது தவறு. ஈமானுள்ள நெஞ்சுக்கு அது காவல்.

பிரித்த துப்பாக்கியைப் பத்து முறை தவறினாலும் பதினோராம் முறை பொருத்திவிடலாம். அது பிரித்துவிட்ட ஓர் உயிரையும் உடலையும் மீண்டும் பொருத்த எந்தக் கைவினைஞனாலும் ஆகாது. அது படைத்தவன் ஒருவனுக்கே உரிய செயல். ஆகையால், ஆயுதத்தைக் கழற்றிப் பூட்டும் வேலை எளிதாகிக்கொண்டே வரும் இக்காலத்தில், அதனை எடுக்கும் முன் நெஞ்சில் எழவேண்டிய தயக்கம் மட்டும் எளிதாகிவிடலாகாது. முன்பு சுருள்வில்லும் முளையும் தம் பிடிவாதத்தால் மனிதனைச் சற்று நேரமேனும் நிறுத்தி வைத்தன. இனி அந்த நிறுத்தத்தை அவன் தானே தனக்கு விதித்துக்கொள்ள வேண்டும்.