கணக்குக் கேட்பவரின் கடமை

ஹாங்காங் காவல்துறை உயர் அதிகாரி பீட்டர் காட்பருக்கு 1973-இல் ஒரு நோட்டீஸ் வந்தது. 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேற்பட்ட சொத்து எப்படி வந்தது என்று ஒரு வாரத்துக்குள் விளக்கச் சொன்னது அது. அவர் விளக்கவில்லை. விமானம் ஏறி இங்கிலாந்துக்குப் போய்விட்டார். கணக்குக் காட்ட முடியாத சொத்து அப்போது இங்கிலாந்தில் குற்றமல்ல என்பதால், அந்தக் குற்றச்சாட்டின் பேரில் அவரைத் திருப்பி அனுப்ப வழியில்லாமல் போனது. லஞ்சம் வாங்கியதற்குத் தனியாகச் சாட்சி கிடைத்த பிறகே 1975-இல் ஹாங்காங்குக்குக் கொண்டுவர முடிந்தது.

லண்டன் தயங்கியதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குற்றம் சாட்டுபவரே நிரூபிக்க வேண்டும், சாட்டப்பட்டவர் வாய் திறக்காமலும் இருக்கலாம் என்பது எளிய மனிதருக்கு அரசுக்கு எதிராக இருக்கும் பெரிய பாதுகாப்பு. "உன்னிடம் இருக்கிறது, எங்கிருந்து வந்தது சொல், சொல்லாவிட்டால் சிறை" என்று ஓர் அரசு தன் குடிமக்கள் எல்லோரிடமும் கேட்கத் தொடங்கினால் அது கொடுங்கோல்.

ஆனால் சொத்துக்குக் கணக்குக் கேட்கும் இந்தச் சட்டம் எல்லோரிடமும் கேட்பதில்லை, பொது ஊழியரிடம் மட்டுமே கேட்கிறது. லஞ்சத்தில் கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே பெரும்பாலும் திருப்தியோடு பிரிகிறார்கள்; புகார் சொல்ல ஆள் இல்லை. மிஞ்சும் தடயம் சொத்து ஒன்றுதான். கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு அறிக்கை தந்த 1964-ஆம் ஆண்டில்தான் இந்தியாவில் வருமானத்துக்கு அதிகமாகச் சொத்து வைத்திருப்பது தனிக் குற்றமானது. அதன் நியாயம் உச்ச நீதிமன்றத்தில் உரசிப் பார்க்கப்பட்டது, சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி கே. வீராசாமி மீதான வழக்கில். அரசு முதலில் வருமானத்தையும் சொத்தையும் இடைவெளியையும் நிரூபிக்க வேண்டும்; அதற்குப் பிறகுதான் விளக்கும் பொறுப்பு அதிகாரிக்கு வருகிறது; அந்த விளக்கமும் நம்பும்படி இருந்தால் போதும், ஐயமற நிரூபிக்கத் தேவையில்லை. 1991-இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நிலை இது.

இதில் அநீதி இருப்பதாகத் தோன்றவில்லை. அரசு வேலையை யாரும் கட்டாயத்தின் பேரில் ஏற்பதில்லை. சொத்து விவரம் தரவேண்டும் என்பது வேலை விதிகளிலேயே இருக்கிறது. பொதுப் பணத்தையும் கையெழுத்து அதிகாரத்தையும் ஏற்றவர் தன் சொத்தைப் பற்றி மௌனம் காக்கும் உரிமையை அன்றே விட்டுக்கொடுத்துவிட்டார்.

எளிய ஊழியர் விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. நம் வாழ்க்கை ரசீதில் நடப்பதில்லை. சீதன நகை, மாமனார் கொடுத்த ரொக்கம், தாளில்லாத கைமாற்று, அண்ணன் பங்கு நிலத்தின் குத்தகை ஆகியவற்றுக்குப் பத்திரம் கேட்டால் நேர்மையான எழுத்தரும் திணறுவார். (மொய்ப் பணத்துக்கு மட்டும் நோட்டு எழுதி வைத்திருப்போம்!) வருமானத்தில் 10 சதவீதம் வரை கூடுதலாக இருந்தால் நீதிமன்றங்கள் சந்தேகத்தின் பலனைத் தருவதற்கு 1977-ஆம் ஆண்டின் கிருஷ்ணானந்த் அக்னிஹோத்ரி தீர்ப்பு வழிகாட்டியது. எழுத்தருக்கு அது ஆறுதல். கோடிகளில் சம்பாதித்தவருக்கு அதே 10 சதவீதம் ஒரு பங்களா.

ஆக, கேள்வியில் குற்றமில்லை. கேட்பவர் யார், எப்போது கேட்கிறார், எவ்வளவு காலம் இழுக்கிறார் என்பதில்தான் அறம் தடுக்கி விழுகிறது. ஜெயலலிதா வழக்கு இதற்குப் பாடப்புத்தகம். 1991 முதல் 1996 வரை அவர் முதல்வராக இருந்த காலத்தின் சொத்துக்கணக்கு, அவர் தோற்று எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்த பிறகுதான் கேட்கப்பட்டது. 2001-இல் அவர் திரும்பி வந்ததும், ஏற்கெனவே விசாரிக்கப்பட்ட சாட்சிகள் மறுபடியும் அழைக்கப்பட்டு, பலர் சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். தி.மு.க.வின் க. அன்பழகன் கேட்டுக்கொண்டதன் பேரில் 2003-இல் உச்ச நீதிமன்றம் வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது. அங்கே 2014 செப்டம்பரில் 4 ஆண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம். 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் விடுதலை. கூடுதல் சொத்து 8.12 சதவீதம்தான், 10-க்குள் இருக்கிறது என்று. ஆனால் அந்தத் தீர்ப்பில், வருமானத்தில் சேர்க்கப்பட்ட கடன்களின் கூட்டலில் 10.67 கோடி வரவேண்டிய இடத்தில் 24.17 கோடி என்று இருந்தது. பள்ளிப் பிள்ளை செய்தால் காது திருகப்படும் பிழை. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீட்டபோது முதல் குற்றவாளி உயிரோடு இல்லை. உடன் குற்றம் சாட்டப்பட்ட மற்ற மூவர் சிறை சென்றார்கள்.

அந்த மூவரில் யாரும் பொது ஊழியர் அல்ல. உடந்தைக் குற்றத்துக்குத் தனியாரையும் தண்டிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999-இலேயே, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், சொல்லிவிட்டது. பினாமி இல்லாமல் இந்தக் குற்றம் நடக்காது என்பதால் சட்டம் அங்கே வரை போகத்தான் வேண்டும். என்றாலும், தெரிந்தே நிறுவனம் தொடங்கிக் கணக்கைச் சுற்றவிட்டவரையும், பத்திரப்பதிவு அலுவலகத்தில் கணவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வந்த மனைவியையும் ஒரே கூண்டில் நிறுத்துவது வேறு. எந்த நிலம், எத்தனை ஏக்கர் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. அந்த வீட்டில் அவர் கேள்வி கேட்டிருக்க முடியுமா என்பதையும் நீதிபதி கேட்டாக வேண்டும். சொத்தின் பயனை அனுபவித்தாரே என்ற ஒரு பதில் போதாது.

ஆட்சி மாறியதும் எதிரணியின் முன்னாள் அமைச்சர் வீட்டில் சோதனை, மறுபடி மாறியதும் வழக்கு தளர்வது என்று ஆகிவிட்டால், குற்றவாளி உண்மையிலேயே குற்றவாளியாக இருந்தாலும் மக்கள் அதைப் பழிவாங்கலாகவே பார்ப்பார்கள். அவர்கள் பார்வையில் தவறும் இல்லை. மாநில லஞ்ச ஒழிப்புத் துறை ஆட்சியில் இருப்பவருக்குக் கீழே இருக்கும்வரை, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் அது கணக்குக் கேட்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

கேட்பதற்கான தாள்கள் என்னவோ கையில் இருக்கின்றன. வேட்பாளர்கள் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரத்தில் தருகிறார்கள். வருமானம் எங்கிருந்து வந்தது என்பதையும், மனைவி மக்களுடையது உட்பட, சொல்ல வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் பிரதிநிதிகளின் சொத்து வளர்ச்சியைத் தொடர்ந்து கண்காணிக்க நிரந்தர அமைப்பு வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறியது. ஒரே தொகுதியில் இரண்டு முறை நின்றவரின் இரண்டு பத்திரங்களை அருகருகே வைத்து, நடுவில் வாங்கிய சம்பளத்தையும் எழுதினால் ஒரு பக்கத்தில் கணக்கு முடிந்துவிடும். ஆளுங்கட்சிக்காரரின் பத்திரத்திலிருந்தே அதைத் தொடங்கலாம்.