ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

நாடிழந்தவரை யார் ஏற்பது என்று அரசுகள் பேசி முடிக்கும்போது, அந்த மனிதரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமா? கேட்டே ஆக வேண்டும் என்பதற்குப் புதுச்சேரியின் உழவர்கரை வரலாறே சாட்சி.

பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவுக்கு அளித்த உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. உழவர்கரையில் பிறந்து இங்கேயே குடியிருந்தவர் இந்தியக் குடிமகன் ஆனார். வேண்டாம் என்றால், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சுப் படையில் சொல்தாவாகவும் (சிப்பாயாகவும்) அலுவலராகவும் வியட்நாமின் சைகோனுக்குப் போன புதுச்சேரித் தமிழரில் பலர் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்தனர். 1975-இல் சைகோன் வீழ்ந்தபின் அவர்களுக்குப் பிரான்ஸ் என்றொரு போக்கிடம் இருந்தது.

அப்படியொரு காகிதம் இல்லாத வியட்நாமியர் படகேறினர். அண்டை நாடுகள் படகுகளைக் கடலுக்கே திருப்பின. 1979 ஜூலையில் 65 நாடுகள் ஜெனீவாவில் கூடின. கரை சேர்ந்தவர்களை அண்டை நாடுகள் தற்காலிகமாகத் தங்கவைப்பது, தொலைநாடுகள் பங்கிட்டுக் குடியமர்த்துவது என்று முடிவாயிற்று. 2,60,000 இடங்கள் உறுதியாயின. சுமையைப் பங்கிட்டதால் பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் பத்தாண்டில் அந்த மனம் சலித்தது. 1989 டிசம்பரில் ஹாங்காங் அரசு 51 பேரை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக விமானத்தில் ஏற்றி வியட்நாமுக்கு அனுப்பியது.

நம் பக்கமும் குறை உண்டு. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கையில் நாடற்றிருந்த 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு என்றார்கள். எண்ணிக்கையை முதலில் எழுதிவிட்டு, மக்களிடம் மனுவைப் பின்னால்தான் வாங்கினார்கள்.

எல்லோர் விருப்பத்தையும் எந்த அரசாலும் நிறைவேற்ற முடியாது என்பார்கள். உண்மைதான். இடத்துக்கும் பணத்துக்கும் அளவு உண்டு. ஆனால் கேட்பது வேறு, கேட்டதெல்லாம் கொடுப்பது வேறு. கேட்டபின் மறுக்கும் அரசு காரணம் சொல்லியாக வேண்டும். கேட்காத அரசுக்கு அந்தக் கடமையே எழுவதில்லை. அநீதி அங்கேதான் தொடங்குகிறது.

புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இலங்கைத் தமிழ் அகதிகளின் கீழ்ப்புத்துப்பட்டு முகாம் இருக்கிறது. இதுபோன்ற முகாம்களில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, இங்கேயே மணம் முடித்து, தம் பிள்ளைகளையும் அதே பள்ளிக்கு அனுப்புகிறவர்களில் மிகப் பலர் சட்டத்தின் கணக்கில் இன்னும் வெளிநாட்டவர். ஓட்டும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. 2021-இல் அகதி முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது, குடியுரிமை வரவில்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைக்கு இடமில்லை.

தற்காலிக அடைக்கலம் ஓர் அறம். அதையே நாற்பது ஆண்டு நீட்டுவது அறமாகாது. ஊர் திரும்புகிறீர்களா, இந்தியக் குடிமக்களாக இருக்க விரும்புகிறீர்களா என்று டெல்லி ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்க வேண்டும். பதில் சொல்லத் தனக்கும் ஒரு கெடு வைத்துக்கொள்ள வேண்டும்.