இன்னும் பத்தடி

பறவை பார்க்கக் காமிரா வாங்குகிறவர்கள் கடையில் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள்: எவ்வளவு தூரம் இழுக்கும், எவ்வளவு கனம்? இரண்டும் நியாயமான கேள்விகள். மூன்றாவதாக ஒன்று உண்டு. அதைக் கடைக்காரரிடம் கேட்க முடியாது.

முதலில் கடைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2018-இல் கானன் கம்பெனி வெளியிட்ட எஸ்.எக்ஸ். 70 என்ற காமிரா 610 கிராம். 65 மடங்கு ஜூம். அதே ஆண்டில் வந்த நிக்கான் பி 1000-க்கு 125 மடங்கு. எடையோ 1,415 கிராம். இத்தனை தூரம் இவ்வளவு சின்னப் பெட்டியில் அடங்குவதற்குக் காரணம், உள்ளே ஒளியை வாங்கிக்கொள்ளும் சில்லு சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது என்பதுதான். சிறிய சில்லுக்குச் சிறிய லென்ஸ் போதும். ஆனால் விடியற்காலை மங்கலில், பறவைகள் நடமாடும் அந்த நல்ல நேரத்தில், படம் ரவை தூவினாற்போல் இருக்கும். இறகின் நுணுக்கமெல்லாம் கரைந்துபோகும்.

அப்போது மனம் என்ன சொல்கிறது? 'இன்னும் பத்தடி கிட்டப் போ' என்கிறது. எட்ட நிற்பதற்காக வாங்கிய ஜூமைக் கையில் வைத்துக்கொண்டே கிட்டப் போகிறோம். விவகாரம் இங்கேதான் ஆரம்பம்.

பத்தடியில் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். அடைகாக்கும் பறவை எழுந்து பறந்தால், நடுப்பகல் வெயில் முட்டையின்மேல் விழுகிறது. கூடு நன்றாகத் தெரியட்டும் என்று மறைத்த இலையை ஒடித்துவிட்டால், நமக்குத் தெரிகிற கூடு காக்கைக்கும் தெரிகிறது. படம் எடுத்தவர் மாலையில் வீட்டுக்கு வந்து, காபி குடித்துக்கொண்டே அதை நாலு பேருக்குக் காட்டுகிறார். நாலு பேரும் மெச்சுகிறார்கள். படத்தில் ஒரு குறையும் இல்லை.

'அந்தக் காலத்தில் சுட்டே கொன்றார்களே!' என்று பதில் வரும். உண்மைதான். ஆடுபான் தம் புகழ்பெற்ற சித்திரங்களுக்காகப் பறவைகளைச் சுட்டார். நம் சாலிம் அலியின் வாழ்க்கையே, சிறுவயதில் அவர் காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய மஞ்சள் தொண்டைச் சிட்டு ஒன்றினால்தான் திசை திரும்பியது. அது இன்னதென்று கேட்கவே 1908-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். கையில் எடுத்துப் பார்த்தாலொழியப் பல பறவைகளை இனம் காண முடியாத காலம் அது. அவர்களுக்கு அறிவு என்ற சாக்காவது இருந்தது. நமக்கு அந்த அறிவு புத்தகத்திலேயே கிடைக்கிறது. வேண்டியிருப்பது 'நான் எடுத்தது' என்ற ஒரு சொல். சின்ன ஆசைதான், ஒப்புக்கொள்கிறேன். படத்தைப் பார்த்தே பறவைமேல் பிரியம் கொண்டவர்களும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது.

சிவகங்கைச் சீமையில், வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளியன்று வெடி வெடிப்பதில்லை. மத்தாப்புக்கும் வெடிக்கும் அலையும் வயதுப் பிள்ளைகள் அங்கேயும் இருக்கத்தானே இருப்பார்கள்? பறவைக்கும் தங்களுக்கும் நடுவே எவ்வளவு இடம் வேண்டும் என்பதை அந்த ஊரார் எந்த லென்ஸை வைத்தும் அளக்கவில்லை.

ஆகவே, கனமில்லாததையே வாங்குங்கள் என்பேன். ஒன்றரைக் கிலோவையும் மூன்றுகால் ஸ்டாண்டையும் சுமந்து நாலு மைல் நடந்தவன், நடந்ததற்குக் கூலி கேட்பான். நல்ல படம் இல்லாமல் திரும்ப அவனுக்கு மனம் வராது. இலேசானது கழுத்தில் கிடந்தால் வெறுங்கையோடு திரும்புவதும் இலேசு. ஏரிக்கரையில் மேய்கிற நாரை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால், மேய்ச்சலை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். அங்கேயே நில்லுங்கள். அது மறுபடி குனிந்த பிறகு எடுங்கள்; ரவை ரவையாக வந்தால் வரட்டும்.