வருகிறவளும் போகிறவளும்

2025 ஜூலை மாதம், ஒரு மாலை. பெரியம்மா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கத்திவிட்டேன். ஒலிவியா ஸ்மித் என்ற இருபது வயதுக் கனடா ஆட்டக்காரரை ஆர்செனல் மகளிர் அணி லிவர்பூலிடமிருந்து எடுத்துவிட்டது. தொகை 10 லட்சம் பவுண்டு என்று செய்தி. பெண்கள் கால்பந்தில் அதுவரை யாருக்கும் தரப்படாத தொகை.

“பெரியம்மா, ஒரு பொம்பளப் பிள்ளைக்குப் பதினோரு கோடி ரூபாய்க்கு மேல விலை குடுத்திருக்காங்க!”

“யாருக்குக் குடுத்தாங்க? அந்தப் பிள்ளைக்கா?”

“இல்ல. அது இதுவரைக்கும் விளையாண்ட கிளப்புக்கு.”

பெரியம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினார். “அப்ப விலைன்னு சொல்லாத. கேக்க நல்லாவா இருக்கு?”

சம்பளம் தனி, இது டிரான்ஸ்பர் தொகை என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே எனக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. எதற்காக அப்படிக் கத்தினேன்? பதினைந்து வருடமாக ஆர்செனல் ரசிகை நான். முதலில் ஆண்கள் அணிக்கு, பிறகு மெல்ல மெல்ல முழுக்கவே பெண்கள் அணிக்கு. ஆட்டம் இல்லாத கோடை மாதங்கள்தான் ரசிகர்களுக்கு அதிகம் தூக்கம் கெடும் மாதங்கள். யார் வருகிறார், யார் போகிறார், யாருக்கு ஒப்பந்தம் முடிகிறது என்று நாள் முழுக்கக் கணக்குப் போடுவோம். இந்தக் கோடையில் அந்தக் கணக்கு எனக்குக் கசந்தது.

விலை என்ற சொல்லைத் தமிழில் ஒரு பெண்ணோடு சேர்த்தால் என்ன சொல் பிறக்கும் என்று நமக்குத் தெரியும். விலைமகன் என்று ஒரு வசைச்சொல் கிடையாது. கல்யாணச் சந்தையில் விலை பேசப்படுவது ஆணுக்குத்தான், அதில் அவனுக்கு ஒரு குறையும் வருவதில்லை. “மாப்பிள்ளை இன்ஜினியர், அம்பது பவுனுக்குக் குறையாது” என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆட்டக்காரரையும் கொடுத்து, மேலே பணத்தையும் கொடுத்து அனுப்பும் கிளப் ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது நம் ஊர்ப் பெண் வீட்டார்தான். இந்தச் சூழலில் வளர்ந்தவளுக்கு, ஒரு பெண்ணைப் பெறுவதற்காக ஒருவர் பத்து லட்சம் பவுண்டு தருகிறார் என்ற செய்தி தலைகீழ் நீதி போலத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

ஆண்கள் இந்த எண்ணை எப்போதோ கடந்துவிட்டார்கள். 1979இல் டிரெவர் ஃபிரான்சிஸை பர்மிங்காமிடமிருந்து நாட்டிங்காம் ஃபாரஸ்ட் வாங்கியபோதே பிரிட்டனில் பத்து லட்சம் வந்துவிட்டது. பெண்களுக்கு ஏன் 46 ஆண்டுகள் கூடுதலாக ஆயின என்பதற்கு ஒரு தேதியே இருக்கிறது: 1921 டிசம்பர் 5. அதற்கு முந்தைய வருடக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்திருந்தார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை. கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, தன் உறுப்பினர் கிளப்புகள் எதுவும் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தடை போட்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அந்தத் தடை நின்றது. கூட்டம் வராததால் மூடவில்லை, கூட்டம் வந்த பிறகு மூடினார்கள். இதைப் படித்தவர்கள் யாரும் பெண்கள் ஆட்டத்துக்குப் பணம் வருவதைப் பார்த்து முகம் சுளிக்க முடியாது. நானும் சுளிக்கவில்லை. ஆனால் பெரியம்மாவின் கேள்வி போகவில்லை.

அந்தத் தொகை எதற்கான விலை? ஆட்டத் திறமைக்கான விலை என்றுதான் நினைத்திருந்தேன். இதே கோடையில் க்ளோயி கெல்லியும் ஆர்செனலுக்கு நிரந்தரமாக வந்தார். 2022 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்துக்கு வெற்றி கோல் போட்டவர். 2025 இறுதியாட்டத்திலும், ஸ்பெயினுக்கு எதிரான பெனால்டிகளில் கடைசிப் பந்தை வலைக்குள் அடித்து முடித்தவர் அவர்தான். அவருக்கு ஆர்செனல் கொடுத்த டிரான்ஸ்பர் தொகை பூஜ்யம். மான்செஸ்டர் சிட்டியுடன் அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். பெல்ஜியத்தின் ழான்-மார்க் போஸ்மன் என்ற ஆட்டக்காரர் நீதிமன்றம் வரை போய் 1995இல் வாங்கித்தந்த உரிமை அது: ஒப்பந்தம் தீர்ந்தால் ஆட்டக்காரர் சுதந்திரர், பழைய கிளப் காசு கேட்க முடியாது.

ஆக, பத்து லட்சம் பவுண்டு ஸ்மித்தின் திறமையை மட்டும் அளக்கவில்லை. அவர் லிவர்பூலோடு இன்னும் எவ்வளவு காலம் கட்டப்பட்டிருந்தார் என்பதையும் சேர்த்தே அளக்கிறது. கட்டை அவிழ்ப்பதற்கான தொகை அது. கட்டு எவ்வளவு நீளமோ, விலை அவ்வளவு உயரம். சுதந்திரமாக நிற்பவளுக்குச் சந்தையில் விலை கிடையாது. இது புரிந்தபோது, நான் கைதட்டிக் கொண்டாடிய எண்ணை வேறு மாதிரிப் பார்க்க வேண்டியிருந்தது. (அந்தச் சாதனையும் வெகுநாள் தாங்கவில்லை. ஆகஸ்டிலேயே மெக்சிகோவின் லிஸ்பெத் ஓவாயேவை 15 லட்சம் டாலருக்கு ஒர்லாண்டோ எடுத்துக்கொண்டது.)

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மை. ஒப்பந்தம் என்பது கட்டு மட்டுமாக இருந்தால் எந்தப் பெண்ணும் கையெழுத்துப் போட மாட்டாள். 2022 நவம்பருக்கும் 2023 மேக்கும் இடையில் என் அணியில் நான்கு பேருக்கு முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழிந்தது: பெத் மீட், விவியான் மீடமா, லியா வில்லியம்சன், லாரா வீன்ராய்தர். பல மாதங்கள் மைதானத்துக்கு வெளியே. அப்படிப்பட்ட நாட்களில் ஒரு ஆட்டக்காரருக்குச் சம்பளம் நிற்காமல் வருவதற்கு அந்தக் காகிதம்தான் பிடிமானம். ஐஸ்லாந்தின் சாரா பியோர்க் குன்னார்ஸ்டோட்டிர் கர்ப்பமானபோது லியோன் கிளப் அவருக்கு முழுச் சம்பளம் தரவில்லை. அவர் ஃபிஃபாவின் தீர்ப்பாயத்துக்குப் போய் 82,000 யூரோவுக்கு மேல் நிலுவையை வாங்கினார். மகப்பேறு பற்றிய விதிகள் 2021 தொடக்கத்தில்தான் ஃபிஃபாவின் சட்டத்தில் வந்திருந்தன. கட்டு இல்லாதிருந்தால் அவரால் எதைக் காட்டிக் கேட்டிருக்க முடியும்? பெண்ணை விடுவிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அவள் கையிலிருக்கும் காகிதத்தைப் பிடுங்கிவிடக் கூடாது. நம் ஊரில் ஒப்பந்தமே இல்லாமல் வேலை செய்யும் பெண்கள் “எப்ப வேணா போகலாம்” என்ற சுதந்திரத்தை எப்படி அனுபவிக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என்னை உண்மையில் சங்கடப்படுத்தியது கிளப்புகளின் கணக்கு இல்லை. என்னுடைய கணக்கு.

2025 ஜனவரிக்குப் போகிறேன். கெல்லி அப்போது இன்னும் மான்செஸ்டர் சிட்டியில் இருந்தார். அதிகம் ஆட வாய்ப்பில்லை. ஒப்பந்தம் முடிய சில மாதங்களே மிச்சம். நான் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பதைப் பிறர் தீர்மானிப்பது என் மனத்தையே பாதிக்கிறது என்று அவர் வெளிப்படையாக எழுதினார். ஜனவரிக் கடைசியில், கடனாக, ஆர்செனலுக்கு வந்தார். அந்த வாரம் முழுக்க நான் பெண் விடுதலை பேசினேன். தோழிகளிடம், அலுவலகத்தில், கிடைத்தவர்களிடமெல்லாம். ஒரு பெண் தன் உழைப்பை எங்கே கொடுப்பது என்று தானே முடிவெடுக்கக் கூடாதா, அவள் மனநிலைக்கு மதிப்பு இல்லையா என்றெல்லாம். பேசியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

தோழி ஒருத்தி, கால்பந்தே பார்க்காதவள், கேட்டாள்: “சரி, உங்க டீம்லேர்ந்து ஒரு பொண்ணு இதே மாதிரி எழுதி, அந்த செல்சிக்குத்தான் போவேன்னு சொன்னா?”

செல்சி தொடர்ந்து ஆறு முறை லீக் பட்டம் வென்ற அணி. 2024–25 சீசனில் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. நாங்கள் கடைசியாக லீக் வென்றது 2018–19இல். தோழிக்கு நான் ஏதோ மழுப்பினேன். மனதுக்குள் வந்த பதில் வேறு: ஒப்பந்தம் முடியும்வரை உட்கார்ந்திருக்கட்டும்.

அந்தப் பதிலை எங்கேயோ கேட்டிருக்கிறேன். மகள் தனிக்குடித்தனம் போனால் “பிள்ளை நிம்மதியா இருக்கா” என்றும், மருமகள் கேட்டால் “குடும்பத்தைப் பிரிக்கிறா” என்றும் சொல்லும் குரல் அது. வருகிறவளுக்கு விடுதலை கேட்பேன், போகிறவளிடம் விசுவாசம் கேட்பேன். இவ்வளவு வருடப் பெண்ணியப் படிப்புக்குப் பிறகு, கோடை மாத ரசிகை என்ற இடத்தில் நான் ஒரு மாமியாராக உட்கார்ந்திருந்தேன்.

மாமியாரைக் கேலி செய்வது சுலபம், அதனால் அங்கேயே நிற்க விருப்பமில்லை. மாமியாரும் ஒரு நாள் பெட்டியோடு வந்து இறங்கியவள்தான். வந்த வீட்டை “எங்க வீடு” என்று சொல்லப் பழக அவளுக்குப் பல வருடம் ஆகியிருக்கும். அந்த ஒரு சொல்லைத் தவிர அந்த வீட்டில் அவள் பெயரில் வேறொன்றும் இருந்திருக்காது. ரசிகையின் நிலையும் ஏறக்குறைய அதுதான். கிளப்பில் எனக்கு ஒரு பங்கும் இல்லை, ஒரு முடிவிலும் என்னைக் கேட்பதில்லை. “நாம ஜெயிச்சோம்” என்று சொல்கிற அந்த ‘நாம்’ மட்டும்தான் சொத்து. ஒருத்தி கிளம்பும்போது அந்த ‘நாம்’ கொஞ்சம் உதிர்கிறது. பிடித்து வைக்கச் சொல்லிக் கை நீள்வது அதனால்தான். காரணம் புரிகிறது என்பதால் கை செய்வது சரியாகிவிடாது.

மீடமா போனதை நினைத்துக்கொள்கிறேன். 2017 முதல் ஆர்செனலில் ஆடியவர், அந்த லீக்கின் வரலாற்றிலேயே அதிக கோல் போட்டவர். 2024 கோடையில் ஒப்பந்தம் முடிந்தபோது கிளப் அதைப் புதுப்பிக்கவில்லை. முழங்கால் காயத்திலிருந்து திரும்பி வந்து வெகுநாள் ஆகவில்லை. அப்போது யாரும் “கொஞ்சம் விசுவாசம் காட்டக்கூடாதா” என்று கிளப்பைப் பார்த்துக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. கேட்டவர்களும் இரண்டு நாளில் அடங்கினோம். விசுவாசம் என்ற சொல்லை ஒரு திசையில் மட்டுமே வீசப் பழகியிருக்கிறோம். செப்டம்பர் 22 அன்று, புது சீசனின் முதல் ஆட்டத்திலேயே, மான்செஸ்டர் சிட்டி சட்டையில் எமிரேட்ஸ் மைதானத்துக்குத் திரும்பி வந்து நமக்கு எதிராக கோல் போட்டார். ஆட்டம் 2–2. அந்தக் கோல் விழுந்த நொடியில் எழுந்து கைதட்டிவிட்டேன். புகுந்த வீட்டில் சமைத்துக் கொண்டுவந்து பிறந்த வீட்டில் பரிமாறுகிறவளைப் பார்க்கிற சந்தோஷம், கூடவே எரிச்சல். இரண்டும் சேர்ந்தே இருந்தன. இரண்டில் ஒன்றைத் துறந்தால்தான் நல்ல ரசிகை என்றால் நான் நல்ல ரசிகை இல்லை.

2025 மே 24, லிஸ்பன். இந்திய நேரம் இரவு 9.30க்குத் தொடங்கிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். இடைக்காலப் பயிற்சியாளராக வந்து நிலைத்த ரெனே ஸ்லெகர்ஸின் அணி, எல்லோரும் ஜெயிக்கும் என்று சொன்ன பார்சிலோனாவை எதிர்த்து ஆடியது. மாற்று ஆட்டக்காரராக வந்த மீட் பந்தைத் தள்ளிக் கொடுக்க, அவருடனேயே களமிறங்கிய ஸ்டீனா பிளாக்ஸ்டெனியஸ் 74ஆவது நிமிடத்தில் அடித்தார். 1–0. 2007க்குப் பிறகு முதல் ஐரோப்பியப் பட்டம். அன்று கெல்லியும் நம் சட்டையில் ஆடினார். ஜனவரியில் அவரை விட்டிருக்காவிட்டால்? விட்டது நல்லது என்று எனக்குச் சொல்ல வைத்தது நியாயமா, கோப்பையா என்று இன்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இதை எழுதுவது 2025 ஆகஸ்ட் கடைசியில். புது சீசனில் லீக் சொந்த மைதான ஆட்டங்கள் பதினொன்றும் எமிரேட்ஸிலேயே. முதல் ஆட்டம் செப்டம்பர் 6, மேல் பிரிவுக்கு இப்போதுதான் வந்திருக்கும் லண்டன் சிட்டி லயனஸஸ் அணியுடன். ஆண்கள் கிளப் ஒன்றின் நிழலில் இல்லாத, ஒரு பெண் முதலீட்டாளரின் கையில் இருக்கும் அணி அது. செல்சியைப் பிடித்துவிடலாம் என்று நம்புகிறேன். நடுக்களத்தில் ஒரு கை குறைகிறது என்றும் முணுமுணுக்கிறேன். அடுத்த கோடையில் ஒப்பந்தம் முடிகிறவர்கள் என் அணியிலும் இருக்கிறார்கள். அவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயரையும் வாசித்து, இவர் செல்சிக்குப் போனால் என்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது பெயருக்கு மேல் போக முடியவில்லை. தாளை மடித்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் பெரியம்மா கேட்டார், “அந்தக் கனடாப் பிள்ளை வந்து சேந்துருச்சா?”

“வந்துட்டா பெரியம்மா. பிராக்டிஸ் எல்லாம் பண்றா.”

“புது இடம் ஒத்துக்கிச்சாமா?”

தெரியவில்லை என்றேன். பதினைந்து வருடத்தில் எந்த ஆட்டக்காரரைப் பற்றியும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.