எந்த முள்ளை நம்புவது?

என் சித்தப்பா ரிடையர் ஆன கையோடு ஒரு பி.பி. மெஷின் வாங்கினார். கையில் பட்டையைச் சுற்றி பட்டனை அமுக்கினால் புஸ்ஸென்று காற்று ஏறி நம்பர் காட்டுமே, அது. தினம் காலையில் பார்த்து டைரியில் குறித்து வைப்பார்.

ஒருநாள் நான் போயிருந்தபோது 172 காட்டியது.

"இந்த மெஷின் சரியில்லப்பா... பேட்டரி வீக் போல" என்றார்.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி. 164. "பட்டையைச் சரியா சுத்தலை."

மூன்றாவது தடவை 146. "ஹாங்... இதுதான் கரெக்ட்!" டைரியில் ஏறியது 146 மட்டும்.

முதல் ரீடிங் சில சமயம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அதனால் இரண்டு மூன்று தடவை பார்த்து சராசரி எடுங்கள் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். ஆனால் சித்தப்பா எடுத்தது சராசரி இல்லை; சமாதானம். உள்ளேயிருந்து சித்தி, "மாடி ஏறினா மூச்சு வாங்குதுங்கறார், கேட்டுட்டுப் போ" என்று குரல் கொடுத்தார். நான் சிரித்துக்கொண்டே காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருகிறேன்.

இந்த வியாதி சித்தப்பாவுக்கு மட்டும் உள்ளதல்ல. விமானம் ஓட்டுகிறவர்களையும் பிடித்திருக்கிறது. அவர்கள் கதையைச் சொல்வதற்கு முன்னால் உங்களை ஒரு நிமிடம் காக்பிட்டுக்குள் கூட்டிப்போக வேண்டும்.

பைலட்டுக்கு இன்ஜின் தெரியாது. அது இறக்கைக்குக் கீழே, அவர் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது. அதன் நலம் விசாரிக்க அவருக்கு இருக்கிற ஒரே வழி எதிரே வரிசையாக இருக்கும் கேஜ்கள். (இப்போதெல்லாம் அவை கம்ப்யூட்டர் திரையில் வரைந்த வட்டங்கள்.) ஒரு முள், இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்லும், பள்ளிக்கூட மார்க் மாதிரி சதவிகிதத்தில். இன்னொன்று, பின்னால் வெளியேறும் வாயு எத்தனை டிகிரி என்று சொல்லும். இரண்டு வேறு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்து அந்த முனையைச் சூட்டில் வைத்தால் துளியூண்டு மின்சாரம் பிறக்கும். சூடு ஏற ஏற அதுவும் ஏறும். அவ்வளவுதான் சூட்சுமம். இன்னும் எரிபொருள் எவ்வளவு வேகமாகப் போகிறது, ஆயிலின் அழுத்தம் என்ன, சூடு என்ன, இன்ஜின் உடம்பு எவ்வளவு நடுங்குகிறது... ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முள்.

ஒரு இன்ஜினுக்கு எதற்கு இத்தனை? ஒன்று போதாதா?

போதாது. ஏனென்றால் எந்த முள்ளும் இன்ஜினை முழுசாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு இடத்தில், ஒரு விஷயத்தை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற சாட்சி. சாட்சி பொய் சொல்லலாம். வேண்டுமென்று இல்லை, வாயில் பனி அடைத்துக்கொண்டால்.

அப்படித்தான் நடந்தது, 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில். கொட்டும் பனியில் ஏர் ஃப்ளோரிடாவின் போயிங் 737 புறப்படத் தயாரானது. அந்த இன்ஜின்களின் சக்தியைக் காட்ட ஒரு முக்கியமான கேஜ் இருந்தது. இன்ஜினின் பின்பக்க அழுத்தத்தை முன்பக்க அழுத்தத்தால் வகுத்து வரும் எண்ணைக் காட்டும். அன்றைக்கு வேண்டியது 2.04. ஆனால் இன்ஜினின் பனி உருக்கும் ஸ்விட்சைப் போடாமல் விட்டுவிட்டார்கள். முன்பக்க அழுத்தத்தை அளக்கும் குழாய் பனியில் அடைத்துக்கொண்டது. கணக்கு நமக்குத் தெரியும், கீழே இருக்கிற எண் குறைந்தால் விடை பெரிதாகும். முள் ஜம்மென்று 2.04 காட்டியது. உண்மையில் இன்ஜின் கொடுத்தது சுமார் 1.70 அளவுக்கான விசைதான்.

பக்கத்திலேயே மற்ற முட்கள் இருந்தன. வேகம், வெப்பம், எரிபொருள் எல்லாம் வழக்கத்தைவிடத் தாழ்ந்து நின்றன. ரன்வேயில் ஓடும்போதே துணை விமானிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'இது சரியில்லையே' என்று ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பச் சொன்னார். கேப்டனோ, சரியாகத்தான் இருக்கிறது, எண்பது வந்துவிட்டது பார் என்றார். கடைசியில் துணை விமானியும், சரியாக இருக்கலாம், தெரியவில்லை என்று இழுத்தார். நிறுத்தவும் இல்லை, த்ராட்டிலை இன்னும் முன்னால் தள்ள இடம் இருந்தது, நேரத்தோடு தள்ளவும் இல்லை.

மேலே எழும்பி அரை நிமிடம்போல் பறந்த விமானம், பாலத்தில் வாகனங்களை இடித்துவிட்டு பொடோமாக் ஆற்றின் பனிக்கட்டிக்குள் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் 79 பேர். பிழைத்தவர்கள் 5. பாலத்தில் போனவர்கள் 4 பேரும் இறந்தார்கள்.

ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொன்ன பாண்டியன் கதை நமக்குத் தெரியும். சிலம்பை உடைத்துப் பார்த்தது தலை போன பிறகு.

'சரி, கருவியை நம்பினதுதானே தப்பு? நம்ம அனுபவத்தை நம்பியிருக்கணும்' என்று தோன்றுகிறதா? அவசரப்படாதீர்கள். இன்னொரு கதை இருக்கிறது.

1989 ஜனவரி 8. லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குப் போன பிரிட்டிஷ் மிட்லண்ட் விமானம். புத்தம் புது ரக 737. நடுவானில் இடது இன்ஜினின் விசிறி இறக்கை ஒன்று உடைந்தது. விமானம் கிடுகிடுவென்று ஆடியது, புகை நாற்றம். எந்த இன்ஜின் என்று கேட்டார் கேப்டன். துணை விமானி 'இட...' என்று ஆரம்பித்து, 'வலது' என்று முடித்தார்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது இன்ஜினை அணைத்தார்கள்.

அப்போது நடுக்கத்தைக் காட்டும் கேஜ் என்ன சொல்லிக்கொண்டிருந்தது தெரியுமா? இடது இன்ஜின் உச்சத்தில் நடுங்குகிறது என்று. சில நிமிடங்கள் விடாமல் சொன்னது. யாரும் பார்க்கவில்லை. பழைய விமானங்களில் அந்த கேஜுக்குப் 'புளுகுணி' என்று பெயர். அதைப் பார்க்கும் பழக்கமே கேப்டனுக்கு விட்டுப்போயிருந்தது. புது விமானத்தில் அது திருந்தி உண்மை பேச ஆரம்பித்திருந்தது, ஆனால் கெட்ட பெயர் போகவில்லை. போதாக்குறைக்கு, வலதை அணைத்தபோது தற்செயலாக ஆட்டமும் குறைந்தது. 'பார்த்தியா, நாம செஞ்சது சரி' என்று மனசு முத்திரை குத்திவிட்டது.

கேப்டன் மைக்கில், வலது இன்ஜினில் கோளாறு, அணைத்துவிட்டோம் என்று அறிவித்தார். பின் ஸீட்டுகளில் இருந்த சில பயணிகள் இடது பக்கம் நெருப்பு வந்ததைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். விமானப் பணியாளர்கள் மூன்று பேரும் பார்த்திருந்தார்கள். காக்பிட்டுக்கு ஒருவரும் சொல்லவில்லை. 'கேப்டனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது?' நீங்களும் நானும் இருந்திருந்தாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்போம்.

இறங்கும்போது, ரன்வேக்குச் சில கிலோமீட்டர் இருக்கையில், இடது இன்ஜினும் நின்றது. கெக்வொர்த் என்ற ஊருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலைக் கரையில் மோதி 47 பேர் இறந்தார்கள்.

முதல் கதையில் முள் பொய் சொன்னது, நம்பினார்கள். இரண்டாவதில் முள் உண்மை சொன்னது, ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆக, கருவியை நம்புவதா வேண்டாமா என்பது கேள்வியே இல்லை. ஒன்று சொல்வதை மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தோமா என்பதுதான் கேள்வி.

தப்பாக நம்புவது பாவமா? 1877இல் வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித மேதை இதை யோசித்தார். ஒரு கப்பல் முதலாளி. கப்பல் பழசு, ரிப்பேர் பார்க்க வேண்டும் என்று அவருக்கே உறுத்தல். செலவை நினைத்து, 'இத்தனை தடவை போய் வந்ததுதானே, ஒன்றும் ஆகாது' என்று மனசைத் தட்டிக்கொடுத்து, நிஜமாகவே நம்பி, ஜனங்களை ஏற்றி அனுப்பினார். கப்பல் முழுகியது. அவர் மனதார நம்பினாரே என்றால், அப்படி நம்ப அவருக்கு உரிமையில்லை என்கிறார் கிளிஃபோர்ட். கப்பல் முழுகாமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதானாம்!

அந்தப் பைலட்களை இந்தக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. முதலாளிக்கு யோசிக்க நாட்கணக்கில் அவகாசம் இருந்தது. வாஷிங்டனில் இருந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அவர்களிடமிருந்து விமான உலகம் பாடம் படித்தது. துணை விமானி சந்தேகத்தை விழுங்கக்கூடாது, கேப்டன் காது கொடுக்க வேண்டும், பணிப்பெண் கண்ணால் கண்டதை காக்பிட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று இன்றைக்குப் பாடமாகவே நடத்துகிறார்கள்.

கூண்டில் ஏற வேண்டியவர்கள் அவகாசம் இருந்தவர்கள்.

சித்தப்பாவுக்கு ஏழு மாதம் இருந்தது. ஒரு காலையில் பாத்ரூமில் விழுந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்த டைரியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நம்பர் எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றார் குழப்பமாக. சித்தி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. 172ஐக் கண்ணால் பார்த்தவன் நான். இடது பக்கம் நெருப்பைப் பார்த்துவிட்டு ஸீட்டில் உட்கார்ந்திருந்த பயணி.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன், உங்களுக்கும் சிபாரிசு செய்கிறேன். 'மெஷின் சரியில்லை', 'அவன் எப்பவும் இப்படித்தான் சொல்வான்' என்று வாய் வரும்போது ஒரு விநாடி நிறுத்தி, 'இதுவே எனக்குப் பிடித்ததைச் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேனா?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் 'இல்லை' என்றால், பழுது மெஷினில் இல்லாமல் இருக்கலாம்.

சித்தப்பாவுக்கு வலது கை இன்னும் சரியாக வரவில்லை. டைரியை இப்போது சித்திதான் எழுதுகிறார். மூன்று தடவை பார்த்தால் மூன்றையும் எழுதுகிறார். பக்கத்தில் ஒரு வரி: 'மாடி ஏறினார், மூச்சு வாங்கியது.'